ஆறு வயதுக்குப் பிறகு வரும் கோடை

தகப்பனும் தாயும் இருவருமே உத்தியோகத்துக்குப் போகும் ஒரு குடும்பம், ஏப்ரல் மாத இறுதியில் பள்ளிக்கூடம் மூடப்பட்டது முதல் ஜூன் மாதத்தில் அது மறுபடியும் திறக்கப்படும் வரையில் உள்ள ஐந்தாறு வாரங்களை எவ்வாறு கடக்கிறது என்பதை நிதானமாகக் கவனித்தோமானால், எந்தக் கணக்கிலும் வராத ஒரு பெரும் உழைப்பும் கவலையும் சென்னைப் பட்டணத்தின் பல்லாயிரம் வீடுகளில் வருஷந்தோறும் சத்தமின்றி நடந்தேறிக்கொண்டிருப்பது விளங்கும். மார்ச் மாதம் பிறந்ததும் அது ஆரம்பமாகிவிடுகிறது. முழு ஆண்டுத் தேர்வின் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தத் தேதியில் விடுமுறை தொடங்குகிறது, எந்த வாரம் பாட்டி வர முடியும், எந்த வாரம் சித்தி ஊரில் இருப்பாள், தகப்பனுக்கு எத்தனை நாள் லீவு மிச்சமிருக்கிறது, தாய்க்கு எத்தனை நாள் என்று நாட்காட்டியின் கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டே வந்து, கடைசியில் நிரப்ப ஆளில்லாத கட்டங்கள் பத்தோ பன்னிரண்டோ மிஞ்சி நிற்கும்போது பெற்ற மனத்தில் எழும் கலக்கத்தைப் பல வீடுகளில் நான் கண்டிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கலக்கம் தீர்ந்துவிட்டது போன்ற ஒரு தோற்றம் உண்டாயிற்று. 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தொற்றுநோயின் பொருட்டு ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டு, பழைய மகாபலிபுரம் சாலையின் இரு மருங்கிலும் நிற்கும் கண்ணாடிக் கட்டடங்கள் ஒரே வாரத்தில் வெறிச்சோடி, அவற்றில் வேலை பார்த்தவர்களெல்லாம் தத்தம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையையே காரியாலயமாக ஆக்கிக்கொண்டபோது, குழந்தையும் பெற்றோரும் ஒரே கூரையின் கீழ் பகல் முழுதும் இருக்கும் நிலை, இந்தத் தலைமுறையினர் அதற்கு முன் அறியாத விதத்தில், ஏற்பட்டது. அந்தக் காலத்தைப் பொற்காலமென்று நான் சொல்லமாட்டேன். ஒரு காதில் மேலதிகாரியின் குரலும் மறு காதில் குழந்தையின் அழுகையுமாக, அடுப்பில் பால் பொங்குவதையும் திரையில் எழுத்து ஓடுவதையும் ஏககாலத்தில் கவனித்த தாய்மார்களின் உடலும் உள்ளமும் எவ்வளவு தளர்ந்தன என்பதை அவர்களே அறிவார்கள். ஆயினும் வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்ற ஒரு நிச்சயம் இருந்தது.

அந்த நிச்சயம் படிப்படியாக விலகிப் போயிற்று. நாட்டின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனமான டி.சி.எஸ்., 2023-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதியிலிருந்து வாரத்தின் ஐந்து வேலை நாட்களும் ஊழியர்கள் அலுவலகத்துக்கே வரவேண்டுமென்று அறிவித்தது. மற்ற நிறுவனங்கள் வாரத்துக்கு மூன்று நாளென்றும் மாதத்துக்குப் பத்து நாளென்றும் வெவ்வேறு அளவில் அழைப்பு விடுத்தன. வாசலில் அடையாள அட்டையைக் காட்டி நுழையும் ஒவ்வொரு நுழைவும் கணக்கில் ஏறுகிறது. மூன்று நாள் அலுவலகம், இரண்டு நாள் வீடு என்னும் ஏற்பாடு கேட்பதற்குச் சௌகரியமாகத்தான் இருக்கிறது. ஆனால் டே கேர் நடத்துபவர்கள் மூன்று நாளுக்கென்று இடம் ஒதுக்குவது அபூர்வம். குழந்தை வந்தாலும் வராவிட்டாலும் மாதம் முழுமைக்கும் கட்டணம் செலுத்த வேண்டும். எந்த மூன்று நாள் என்பதும் வாரத்துக்கு வாரம் மாறினால், பார்த்துக்கொள்ள வரும் ஆயாம்மாவுக்கு என்ன உறுதி சொல்ல முடியும்? மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணிகளால் குறுகிப்போன பழைய மகாபலிபுரம் சாலையில் தாம்பரத்திலிருந்தோ பெரம்பூரிலிருந்தோ சிறுசேரிக்குப் போய்வரும் ஒருவர், காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால் இரவு ஏழரைக்கு முன் வீடு திரும்புவது கடினம். எட்டு மணி நேர வேலைக்குப் பன்னிரண்டு மணி நேரக் காவல் தேவைப்படுகிறது.

நம்மவர்கள் நெடுங்காலமாக நம்பியிருக்கும் பரிகாரம் ஒன்று உண்டு. அது தாத்தா பாட்டி வீடு. கோடை விடுமுறையென்றால் ஊருக்குப் போவது என்பது நம் ஜனங்களின் ரத்தத்தில் ஊறிய வழக்கம். இன்றைக்கும் எழும்பூரிலிருந்து புறப்படும் நெல்லை, பொதிகை, பாண்டியன் முதலிய இரவு வண்டிகளில் மே மாதத்து இடங்களைப் பிடிப்பதற்காகக் காலை எட்டு மணிக்குக் கணினியின் முன் உட்கார்ந்திருக்கும் பெற்றோர் பலர். 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து ரயில்வே நிர்வாகம் முன்பதிவுக் காலத்தை 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைத்துவிட்டபடியால், மே முதல் வாரப் பிரயாணத்தை மார்ச் தொடக்கத்தில் நிச்சயித்துவிட வேண்டும். ஆனால் எந்தத் தேதியில் தேர்வு முடியும் என்பதும், எந்தத் தேதியில் குழந்தையை அழைத்துவரப் போக லீவு கிடைக்கும் என்பதும் அப்போது பலருக்குத் தெரிந்திருப்பதில்லை.

“அம்மா, மே மாசம் பிள்ளைங்களைக் கொண்டுவந்து விடட்டுமா?” என்று மகள் தொலைபேசியில் கேட்கிறாள்.

“விட்டுட்டுப் போம்மா. அதுங்க இருந்தாத்தான் வீடு வீடா இருக்கு” என்கிறாள் தாய்.

அந்தப் பதிலில் பொய் ஏதுமில்லை. வாத்ஸல்யம் நிறைந்த பதில்தான். ஆனால் முழங்கால் வலியால் மாடிப்படி ஏற முடியாததையும், கணவருக்குக் கண்புரைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பதையும், இரண்டு பேருக்கு இருவேளை சமைத்துக்கொண்டிருந்த அடுப்பில் இனி நாளெல்லாம் ஏதேனும் வெந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதையும் அவள் சொல்லவில்லை. மகள் கேட்கவும் இல்லை, கேட்டால் அந்த ஒரு வழியும் அடைபட்டுவிடுமோ என்ற அச்சத்தால். அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட ஒருவருடைய உடலுழைப்பை அன்பின் பெயரால் ஐந்து வாரம் பெற்றுக்கொண்டு, அதற்கு ஒரு துணையாளையேனும் அமர்த்திக் கொடுக்காமல் இருப்பது நியாயமாகாது என்பது என் அபிப்பிராயம். வீட்டு வேலைக்கு ஒரு பெண்ணை அந்த மாதத்துக்கு மட்டும் ஏற்பாடு செய்து, அவளுக்குரிய கூலியை மகனோ மகளோ அனுப்பிவைப்பது மிகச் சிறிய காரியம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நகரத்தில் வளர்ந்து நீந்தத் தெரியாத பிள்ளைகள் ஊர்க் கிணற்றிலும் குளத்திலும் இறங்கி உயிரிழந்த செய்தி கோடைதோறும் பத்திரிகைகளில் வருகிறது. ஓடுகிற பிள்ளையின் பின்னால் பாட்டியால் ஓட முடியாது. ஆகையால் ஊருக்கு அனுப்புமுன் நீச்சல் கற்பிப்பதும், யார் துணையோடு எங்கே போகலாம் என்பதைத் தெளிவாகச் சொல்லி அனுப்புவதும் அவசியம்.

ஊரில் போக்கிடம் இல்லாதவர்களுக்குக் ‘கோடை முகாம்’ என்னும் சம்மர் கேம்ப் இருக்கிறது. ஓவியம், சதுரங்கம், ரோபோ செய்தல், நாடகம் என்று அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்திலும் பாட்டு வகுப்பு நடக்கும் வீடுகளிலும் அவை நடைபெறுகின்றன. அரசாங்கத்தின் ஜவஹர் சிறுவர் மன்றங்கள் கலைப் பயிற்சி அளிக்கின்றன. விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்ட விளையாட்டரங்குகளில் பயிற்சி முகாம் நடத்துகிறது. கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. இவையெல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் இவற்றின் நேரத்தைப் பாருங்கள். காலை பத்து மணிக்குத் தொடங்கிப் பகல் ஒரு மணிக்கு முடியும் ஒரு முகாமுக்குக் குழந்தையைக் கொண்டுவிட ஒருவரும், உச்சி வெயிலில் திரும்ப அழைத்துவர ஒருவரும், பிறகு சோறு போட்டு மாலைவரையில் கூடவே இருக்க ஒருவரும் வேண்டும். விளையாட்டுப் பயிற்சியோ, வெயிலுக்கு அஞ்சி, காலை ஆறரை மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் வைக்கப்படுகிறது. வீட்டில் வேலைக்குப் போகாத தாய் ஒருத்தி இருக்கிறாள் என்ற அனுமானத்தின் மீதே இந்த ஏற்பாடு முழுதும் நிற்கிறது. அவள் இருக்கும் வீட்டுக்கு இது பொழுதுபோக்கு. அவள் இல்லாத வீட்டுக்குப் பகலில் மூன்று மணி நேரம் குறைந்ததே தவிர, பிரச்சினை அப்படியே இருக்கிறது.

பாதுகாப்பைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில், மதுரையில் ஒரு மழலையர் பள்ளிக்குக் கோடைக்கால வகுப்புக்காகச் சென்றிருந்த நான்கு வயதுப் பெண் குழந்தை அங்கிருந்த தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்துபோயிற்று. அந்தச் செய்தியைப் படித்த ஒவ்வொரு பெற்றோரும் அன்றைக்குத் தம் குழந்தை இருக்கும் இடத்துத் தொட்டியைப் பற்றி நினைத்திருப்பார்கள். குழந்தையைச் சேர்க்கப் போகிறவர்கள் சுவரில் தீட்டியிருக்கும் சித்திரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், கட்டடத்தைச் சுற்றிவந்து, கீழ்நிலைத் தொட்டிக்கு மூடியும் பூட்டும் இருக்கின்றனவா, மொட்டைமாடிக் கதவு சாத்தியிருக்கிறதா, பகல் இரண்டு மணிக்கு நடத்துநர் உறங்கப் போகும்போது பிள்ளைகளோடு இருப்பவர் யார், எத்தனை பிள்ளைகளுக்கு ஒருவர், கழிவறைக்கு யார் அழைத்துப் போகிறார், காய்ச்சல் வந்தால் யாரை அழைப்பார்கள், வேனில் ஓட்டுநரைத் தவிர இன்னொருவர் வருகிறாரா என்பவற்றையெல்லாம் தயக்கமின்றிக் கேட்க வேண்டும். அறிவிப்பின்றி ஒரு பகல் நேரத்தில் போய்ப் பார்ப்பதற்கு அனுமதி மறுக்கும் இடத்தில் குழந்தையை விடலாகாது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது வேலை கொடுப்பவரின் கடமைகளில் ஒன்று என்பதை நம் நாட்டுச் சட்டம் வெகு காலத்துக்கு முன்பே ஒப்புக்கொண்டிருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டுமென்று விதித்தது. (முதலில் ஐம்பது என்றிருந்ததை 1976-இல் முப்பதாகக் குறைத்தார்கள்.) 1951-ஆம் ஆண்டின் சட்டம் நீலகிரியிலும் ஆனைமலையிலும் உள்ளவை போன்ற தோட்டங்களுக்கும், 1996-ஆம் ஆண்டின் சட்டம் கட்டட வேலை நடக்கும் இடங்களுக்கும் அதே கடமையை விதித்தன. கட்டடத் தொழிலாளர் விஷயத்தில் சட்டம் வருவதற்கு முன்பே, 1969-இல், டில்லியில் மீரா மகாதேவன் என்னும் அம்மையார் வேலைத்தளத்திலேயே குழந்தைகளுக்கு ஒரு கூடாரம் அமைத்து, ‘மொபைல் கிரெஷஸ்’ என்னும் ஸ்தாபனத்தைத் தோற்றுவித்ததை இங்கே நன்றியோடு குறிப்பிட வேண்டும். 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 26 வாரச் சம்பள விடுப்பை அளித்ததோடு, ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் எந்த ஸ்தாபனமும் காப்பக வசதி செய்ய வேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே சென்று குழந்தையைப் பார்த்துவரலாம் என்றும் விதித்தது. தகப்பனுக்கு அந்த நான்கு முறையில் ஒரு முறையும் அளிக்கப்படவில்லை என்பதைச் சட்டமியற்றியவர்கள் மறுபடியும் யோசிக்க வேண்டும்.

ஆனால் இத்தகைய சட்டங்களின் கீழ் அமையும் காப்பகங்களெல்லாம் ஆறு வயதோடு முடிந்துவிடுகின்றன. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளும் ஆறு வயதுவரைதான். அதற்கு மேல் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும் என்பது வெளியே சொல்லப்படாத ஏற்பாடு. பள்ளிக்கூடம் வருஷத்தில் பத்தரை மாதம் பார்த்துக்கொள்ளவும் செய்கிறது. மீதியுள்ள நாட்களுக்கு ஏழு வயதுப் பிள்ளைக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் காப்பாளர் யார் என்பதைக் காரியாலயத்தின் விதிகளிலோ கல்வித்துறையின் ஆணைகளிலோ எங்கே தேடினாலும் காணக் கிடைக்காது. போதாக்குறைக்கு அந்த நாட்கள் நீளவும் செய்கின்றன. வெயிலின் கொடுமையால் 2023-இல் பள்ளித் திறப்பு ஜூன் 1-ஆம் தேதியிலிருந்து 7-க்கும், பிறகு 12, 14 தேதிகளுக்கும் தள்ளிவைக்கப்பட்டது. 2024-இல் 6-ஆம் தேதியிலிருந்து 10-ஆம் தேதிக்குத் தள்ளப்பட்டது. குழந்தைகளின் நலத்துக்காகச் செய்த அந்தத் தீர்மானங்களை நான் குறைகூறவில்லை. ஆனால் லீவு முழுதையும் தீர்த்துவிட்டுத் திறப்பு நாளை எண்ணிக்கொண்டிருந்த பெற்றோர், அந்த நாட்களுக்குக் குழந்தையை எங்கே விடுவது என்று தெரியாமல் தவித்ததையும் யாரேனும் சொல்லத்தானே வேண்டும்?

அரசாங்கம் தன் சொந்த ஊழியர்களின் விஷயத்தில் இந்த உண்மையை நன்றாகவே உணர்ந்திருக்கிறது. மத்திய சர்க்காரில் பணிபுரியும் பெண்களுக்கு 2008 முதல் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு என்று சர்வீஸ் காலம் முழுமைக்கும் 730 நாட்கள் அனுமதிக்கப்படுகின்றன. தனித்துக் குழந்தையை வளர்க்கும் ஆண்களுக்கும் அது பிற்பாடு நீட்டிக்கப்பட்டது. குழந்தைக்குப் பதினெட்டு வயது நிறையும்வரை அதை எடுத்துக்கொள்ளலாம். தேர்வுக் காலத்திலும் நோயின்போதும் பதினைந்து வயதுப் பிள்ளைக்குக்கூடப் பெற்றோரின் அண்மை வேண்டும் என்பதை அறிந்துதானே அந்த விதியைச் செய்தார்கள்? தனியார் காரியாலயத்தில் வேலை செய்பவளின் பிள்ளை மட்டும் ஆறு வயதில் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளுமா?

இதுவரை சொன்னதெல்லாம் ஓரளவு வசதி படைத்த குடும்பங்களின் கதை. இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இருவர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். திருப்பூரின் பனியன் ஆலைகளிலும், ஆம்பூர், ராணிப்பேட்டையின் காலணி ஆலைகளிலும், ஸ்ரீபெரும்புதூரின் மின்னணு ஆலைகளிலும் நின்றுகொண்டு வேலை செய்யும் அவர்களுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை என்னும் காலம் ஒருபோதும் வாய்க்கவில்லை. அவர்களுடைய வீட்டில் மே மாதத்துக் காப்பாளர் யார் தெரியுமா? பத்து அல்லது பதினோரு வயதுள்ள மூத்த மகள். காலையில் தாய் வடித்துவைத்துப் போன சோற்றைத் தம்பிக்குப் போட்டு, குழாயில் தண்ணீர் வரும் நேரம் பார்த்துக் குடம் நிரப்பி, சிறியவன் தெருவுக்கு ஓடாமல் கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு, அவள் தன் விடுமுறையைக் கழிக்கிறாள். ஐந்தாம் வகுப்பில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பெண் ஜூன் மாதத்தில் வகுப்புக்கு வரும்போது, வீட்டுப் பொறுப்பு முழுதும் அவள் தோளில் ஏறியிருக்கிறது. அடுத்த சில ஆண்டுகளில் அந்தப் பொறுப்பு விடுமுறையோடு நிற்பதில்லை. இதை எண்ணும்போது எனக்கு உண்மையாகவே வேதனை உண்டாகிறது. குழந்தையைக் குழந்தை பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் குடும்பப் பாசம் என்று சொல்லி நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

எந்த வீடானாலும் இந்தச் சுமை பெரும்பாலும் விழுவது பெண்ணின் மீதுதான். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளொன்றுக்கு 289 நிமிஷங்களையும், ஆண்கள் 88 நிமிஷங்களையும் செலவிடுகிறார்கள். அலுவலகம் திரும்ப அழைக்கும்போது லீவுக்கு விண்ணப்பிப்பவள் தாய்தான். நேரம் மாற்றித் தரக் கேட்பவளும் அவள்தான். முடியாமற்போனால் ராஜிநாமாக் கடிதம் எழுதுபவளும் பெரும்பாலும் அவளே. தகப்பன்மார்கள் தங்கள் மேலதிகாரியிடம் போய், “மே மாதம் இரண்டு வாரம் நான் வீட்டிலிருந்து வேலை செய்ய வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்” என்று கேட்கத் துணிந்தார்களானால், இது ஒரு பெண்ணின் சொந்தச் சங்கடம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் நிர்வாகங்கள் வேறு விதமாக யோசிக்கத் தொடங்கும். விடுமுறை எந்த மாதத்தில் வரும் என்பது எல்லா நிறுவனத்துக்கும் முன்கூட்டியே தெரிந்த விஷயம். பள்ளிப் பிள்ளைகள் உள்ள ஊழியர்களுக்கு அந்த ஆறு வாரத்திலாவது வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களைக் கூட்டிக் கொடுப்பதும், சிறு குழந்தைகளுக்காக அமைத்த காப்பகத்தில் பெரிய பிள்ளைகளுக்கு ஓர் அறையைத் திறந்துவிடுவதும் பெரும் பொருட்செலவைக் கோரும் காரியங்களல்ல.

ஆயினும் நிறுவனங்களின் தயவால் மட்டும் இது தீராது. ஸ்வீடன் தேசத்தில், பெற்றோர் வேலைக்குச் செல்லும் பிள்ளைகளுக்குப் பதின்மூன்று வயதுவரையில் பள்ளி முடிந்த நேரத்திலும் விடுமுறை நாட்களிலும் பராமரிப்பு அளிப்பது நகராட்சியின் சட்டபூர்வமான கடமை. ஜெர்மனி 2021-இல் ஒரு சட்டம் செய்து, 2026 ஆகஸ்ட் முதல் தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்பிலிருந்து ஆரம்பித்து வருஷத்துக்கு ஒரு வகுப்பாக, வாரத்தில் ஐந்து நாளும் எட்டு மணி நேரப் பராமரிப்பைப் பிள்ளைகளுக்கு உரிமையாக்கியிருக்கிறது. அதன்படி வருஷத்தில் அதிகபட்சம் நான்கு வாரந்தான் மூடி வைக்கலாம். அவை செல்வம் மிகுந்த தேசங்கள் என்று ஆக்ஷேபம் சொல்பவர்களுக்கு, பள்ளிக்கூடத்தில் சோறு போடுவது சாத்தியமென்று 1956-இல் காமராஜர் காட்டியதையும், 1982 ஜூலை முதல் தேதியிலிருந்து எம்.ஜி.ஆர். சத்துணவாக அதை விரிவுபடுத்தியதையும், 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்ததையும் நினைவூட்டுகிறேன். வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு வழங்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது. சமையற்கூடம் இருக்கிறது, வகுப்பறை இருக்கிறது, மைதானமும் மரநிழலும் பல பள்ளிகளில் இருக்கின்றன. இவையெல்லாம் மே மாதம் முழுதும் பூட்டிக் கிடக்க, அதே தெருவில் தகரக் கூரையின் கீழ் பிள்ளைகள் அடைந்து கிடக்கிறார்கள்.

எல்லாப் பள்ளிகளையும் திறக்கச் சொல்லவில்லை. காற்றோட்டமும் நல்ல கூரையும் தண்ணீரும் உள்ள பள்ளி ஒன்றை ஒவ்வொரு வட்டாரத்திலும், நகரத்தில் ஒவ்வொரு வார்டிலும், பாடம் ஏதுமின்றிக் காலை எட்டு முதல் மாலை ஆறு வரையில் திறந்து வைத்தால் போதும். வருஷம் முழுதும் உழைத்த ஆசிரியர்களின் விடுமுறையை இதற்காகப் பறிக்கலாகாது. ஆட்களுக்குப் பஞ்சமில்லை. 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்குத் தெருத்தெருவாகப் பிள்ளைகளைச் சேர்த்துவைத்துச் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்களே, அந்தப் பழக்கம் அவர்களிடம் இருக்கிறது, இம்முறை அதற்குரிய ஊதியத்தைச் சரியாகக் கொடுக்க வேண்டும். 2012-இல் ஓவியம், தையல், உடற்கல்வி, கணினி ஆகியவற்றைக் கற்பிக்க அரசுப் பள்ளிகளில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். கோடை முகாம்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்பிக்கும் கலைகளும் ஏறக்குறைய இவைதாம். மே மாதத்துக்குச் சம்பளம் இல்லை என்பதே பல்லாண்டுகளாக அந்த ஆசிரியர்களின் முறையீடாக இருந்துவந்தது. விரும்பி வருகிறவர்களை அந்த மாதத்துக்கு முழுச் சம்பளத்தில் அமர்த்திக்கொள்ளலாம்.

இதற்கான அறிவிப்பு ஏப்ரல் கடைசியில் வந்தால் பிரயோஜனமில்லை. எந்தப் பள்ளி, எத்தனை பிள்ளைகள், எந்தத் தேதிவரையில் என்பதும், பள்ளித் திறப்புத் தள்ளிப்போனால் அந்த நாட்களிலும் அது நடக்கும் என்பதும் பிப்ரவரி முடிவதற்குள் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊருக்கு டிக்கெட் எடுப்பதா வேண்டாமா என்று அவர்கள் தீர்மானிக்கும் சமயம் அதுதான்.